ஜெபத்தில் கண் மூடாத பிள்ளை

மே மாதம் முதல் தடவையாக ஊழியப் பயணம் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு,

ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் கலர் பென்சில் எத்தனை பெட்டி, பாட்டு எத்தனை, பொம்மலாட்டத்துக்குத் திரைச்சீலை உண்டா என்றெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். அதற்கு ஆபீசில் பட்டியல் இருக்கிறது. கொசுவத்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆவியில் எவ்வளவு அனலாக இருந்தாலும், ராத்திரி முழுக்கக் கொசு கடித்தால் காலையில் பிள்ளைகள் மேல்தான் எரிந்து விழுவீர்கள்.

நான் எழுதப்போவது ஒரு பிள்ளையைப் பற்றி. அப்போது ஒன்பது வயது. தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். அவள் ஜெபத்தில் கண்ணை மூட மாட்டாள். ஏன் மூட மாட்டாள் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. எதையும் ஏன் என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் என்னை சி.ஐ.டி. என்றுதான் கூப்பிடுவார். ஆனால் இந்தத் துப்பறிதல் போய் முடிந்த இடத்தை நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். ஓய்வு பெறும் வரைக்கும், திருச்சியிலிருந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் இல்லங்களுக்குக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போனேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அவர்களோடு பத்து நாள் தங்கிப் பாட்டு, வேதப்பாடம், விளையாட்டு, பேன் பார்ப்பது, நகம் வெட்டுவது என்று எல்லாம் செய்வோம்.

எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பில் இருந்த ஐயா ஒருவர்தான் எனக்கு வேலை பழக்கியவர். தங்கமான மனிதர். அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது, கிளம்புவது எப்படி என்பது. பத்து நாள் கூடவே கிடந்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் பிள்ளைகள் சும்மா விடுமா? சேலையைப் பிடித்துக்கொண்டு அழும். வேன் பின்னால் ஓடி வரும். ஒரு தடவை ஒரு பிள்ளை வேன் கதவில் விரலை நசுக்கிக்கொண்டது. அதனால் ஐயா ஒரு வழி வைத்திருந்தார். கடைசி நாள் எல்லாப் பிள்ளைகளையும் ஹாலில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, நீளமாக ஒரு ஜெபம். அது நடக்கும்போதே குழுவினர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக வேனுக்குப் போய்விட வேண்டும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அக்காவும் இருக்க மாட்டாள், அண்ணனும் இருக்க மாட்டான். பிள்ளைகள் அழாமல் இருப்பார்களா என்று கேட்காதீர்கள். அழுவார்கள். அது வார்டன் பாடு, நம் காதில் விழாது.

இல்லத்து ஆட்கள் இதற்குக் 'கிளம்புற ஜெபம்' என்றே பேர் வைத்திருந்தார்கள். இதில் நான் ஐயாவையே மிஞ்சிவிட்டேன். அரும்பாவூர் தாண்டி இருக்கிற பெண் பிள்ளைகள் இல்லத்தில் வாசல் ரோடு சரிவாக இருக்கும். டிரைவரிடம் சொல்லி, எஞ்சினைப் போடாமலே வேனை நியூட்ரலில் உருட்டச் செய்வேன். மக்காச்சோளக் காட்டைத் தாண்டி வளைவு திரும்பின பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்! அதோடு விட்டேனா? புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அத்தை, மாமா, சித்தி எல்லாருக்கும் இதே வழியைச் சொல்லிக்கொடுத்தேன். நாங்க ஜெபம் பண்ணுவோம், நீங்க சத்தமில்லாமக் கிளம்பிருங்க என்பேன். பாவம், அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். நான் இதை இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது தேன்மொழிக்கு வருகிறேன். அந்த வருஷம் பதினொரு பேர் குழுவாக அந்த இல்லத்துக்குப் போயிருந்தோம். முதல் நாள் காலை ஜெபத்தில் நான் பாதியில் கண்ணைத் திறந்தேன். நீங்கள் ஏன் அக்கா திறந்தீர்கள் என்று கேட்பீர்கள். சமையலறையிலிருந்து சின்ன வெங்காய சாம்பார் வாசம் வந்தது, திறந்தேன், போதுமா? ஹால் முழுக்க நாற்பது தலை குனிந்திருந்தது. கதவோரத் தூணில் சாய்ந்தபடி ஒருத்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரெட்டைச் சடை, ஒரு ரிப்பன் மட்டும் அவிழ்ந்து கிடந்தது. கண் அகலத் திறந்து ஹாலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. குறும்பும் இல்லை, வேடிக்கையும் இல்லை. ரேஷன் கடையில் மூட்டையைச் சரிபார்க்கிற ஆள் மாதிரி ஒரு கவனம். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

எங்கள் குழுவில் டேனியல் என்று ஒரு தம்பி. நல்ல பிள்ளை, கிடாரும் வாசிப்பான், கக்கூசும் கழுவுவான். அவனும் அவளைக் கவனித்துவிட்டான். இரண்டாம் நாள் சுவரில் ஒரு அட்டையை ஒட்டினான். ஜெபத்தில் கண்ணை மூடுகிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். சாயங்காலத்துக்குள் எல்லாப் பேருக்கு நேராகவும் நட்சத்திரம் மின்னியது. தேன்மொழி பேருக்கு நேராக ஒன்றும் இல்லை. மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் சட்டையே செய்யவில்லை.

மூன்றாம் நாள் டேனியல் அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஜெபம் தொடங்கியதும், விளையாட்டாகத்தான், இரண்டு கையாலும் அவள் கண்ணை மெதுவாகப் பொத்தினான்.

அவள் கத்தவில்லை. அவன் கையைப் பிடித்து ஒரே கடி. உடனே விட்டிருந்தாலும் பரவாயில்லை, விடவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து பிரித்தோம். டேனியல் கையில் ரத்தம். அவள் ஓடிப்போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஹாலையே பார்த்தபடி நின்றாள். மூச்சு வாங்குகிறது, உதடு மட்டும் அசைகிறது.

அன்று சாயங்காலம் குழுவுக்குள் ஒரே கிசுகிசு. நம் ஆட்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு பிள்ளை கடித்தால் ஏன் கடித்தது என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளைக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

"அக்கா, இது சாதாரண விஷயம் இல்லக்கா. ஜெபம்னாலே அந்தப் பிள்ளைக்கு ஆகமாட்டேங்குது" என்றது ஒரு தங்கை.

"நாளைக்கு எல்லாரும் உபவாசம் எடுப்போம். சாயங்காலம் அவளை நடுவுல உக்கார வெச்சு, கை வெச்சு ஜெபிச்சிரலாம்" என்றான் டேனியல். கையில் கட்டு. ஆனால் அவள் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, அவளுக்காக உள்ளூர வருந்துகிற உண்மையான பாரம்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வார்டன் எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, வந்தவங்களக் கடிச்சிருச்சுன்னு மேல தெரிஞ்சா, பிரச்சினையான பிள்ளைன்னு வேற எங்கயாவது தூரமா மாத்திருவாங்க. ஜெபம் பண்ணி அடங்கிட்டான்னு சொன்னாலாவது இங்கயே இருக்கும். பண்ணிருங்கக்கா" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். கண்ணைப் பொத்தினதுக்கே கடித்த பிள்ளை. பதினொரு பேர் சுற்றி நின்று, தலையிலும் தோளிலும் கை வைத்து, சத்தமாக ஜெபித்தால் அவள் என்ன ஆவாள்? திமிறுவாள். திமிறினால் இவர்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். எல்லாரும் அன்போடுதான் செய்வார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆண்டவர் என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்தப் பிள்ளை ஓடும். செய்யாவிட்டால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க" என்றேன். டேனியலுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் தலைவி, அவன் என்ன செய்வான்?

மறுநாள் காலை ஜெபத்தில் நான் போய்த் தேன்மொழிக்கு எதிரில் உட்கார்ந்தேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அவளும் மூடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரிய ஆள் ஒருத்தி கண் மூடாமல் உட்கார்ந்திருப்பதை அவள் அங்கே பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஒரு விநாடி உதடு நின்றது. பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் எண்ணுகிறாள்.

ஆமென் ஆனதும் மெதுவாகக் கேட்டேன்.

"என்னடா எண்ணுன?"

"ஆளுங்கள."

"எதுக்கு?"

"எல்லாரும் இருக்காங்களான்னு."

"இல்லாம எங்க போயிருவாங்க?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். "கண்ண மூடுனாப் போயிருவாங்க" என்றாள்.

"யாரு சொன்னா அப்புடி?"

எழுந்து போய்விட்டாள்.

எஸ்தரிடம் போய்ப் பிள்ளையின் விவரம் கேட்டேன். "நான் இங்க வந்தே எட்டு மாசம்தான்க்கா. இவ அதுக்கு முன்னாடியே வந்துட்டா" என்று பைலை எடுத்துப் புரட்டினாள். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டுக் கூலி வேலை செய்த குடும்பம். அப்பா முதலில், அம்மா அதே வருஷத்தில். அத்தை கொண்டுவந்து விட்டிருக்கிறாள். ஒரு தம்பி உண்டு, கவின், அப்போது ஆறு வயது. இது பெண் பிள்ளைகள் இல்லம் என்பதால் அவனை அரியலூரில் இருக்கிற பையன்கள் இல்லத்தில் சேர்த்தாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதாகப் பைலில் எங்கேயும் இல்லை. கண் மூடுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அதில் யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

வேறு யாரைக் கேட்பது? ஜெபம் நடக்கிற இடத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் யாராவது உண்டா என்று யோசித்தேன். உண்டு. சமையல்கார செல்லம்மா.

செல்லம்மாவுக்குப் பூலாம்பாடி. காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். நெற்றியில் திருநீறும் குங்குமமும் பளிச்சென்று இருக்கும். நாங்கள் ஜெபிக்கும்போது அடுப்பைத் தணித்துவிட்டு, சமையலறை வாசலில் மரியாதையாகக் கை கட்டி நிற்பாள். ஆனால் கண்ணை மூட மாட்டாள், அடுப்பில் பால் இருக்கும். ஒரு நாளும் அவளிடம் நான் குழம்பைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசியதில்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"செல்லம்மா, இந்தத் தேன்மொழி ஏன் கண்ண மூட மாட்டேங்குறா? உனக்கு எதாச்சும் தெரியுமா?"

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியாம என்னம்மா. வந்த அன்னிக்கே ஆரம்பிச்சதுதான்."

"என்ன நடந்துச்சு?"

"அத்தக்காரி ரெண்டயும் கூட்டியாந்தா. பயலுக்குக் கையில ஒரு பிஸ்கோத்துப் பாக்கெட்டு. அக்காவுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணுன்னு எண்ணி எண்ணிக் குடுத்துக்கிட்டுக் கெடந்தான். அப்புறம் எல்லாரும் உக்காந்து கண்ண மூடி ஜெபம் பண்ணாங்க. அந்த நேரம் பாத்து அத்தக்காரி பயலத் தூக்கிக்கிட்டா. அவன் 'அக்கா'ன்னான். ஒரு வாட்டிதான். முந்தானய வெச்சு வாயப் பொத்திக்கிட்டு வெளிய போயிட்டா. கேட்டுக்கிட்ட ஆட்டோ நின்னுச்சு."

என் கை நின்றுவிட்டது. "அவ கேக்கலையா, தம்பி கூப்பிட்டத?"

"கேட்டுச்சும்மா. எந்திரிக்கப் பாத்துச்சு. முடியல. ஜெபம் பண்ணவங்க கையி அது தலையில இருந்துச்சு. கண்ண மூடிக்கடா கண்ணு, முடியப் போவுதுன்னு சொன்னாங்க. மூடிக்கிச்சு. தொறந்து பாத்தா தம்பி இல்ல. அன்னிக்கு வூடு பூராத் தேடுச்சும்மா. கட்டிலுக்கு அடியில, கெணத்துக்கிட்ட. இங்க வந்து என் சோத்து அண்டாவ மூடியத் தொறந்து பாத்துச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு அந்த அறிவு கெட்டவ? பிள்ளை எழுந்திரிக்கப் பாக்குது, தலையில கையை வெச்சு அமுக்குறாளாம்! யாரு ஜெபம் பண்ணுனது அன்னிக்கு?"

செல்லம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நீங்கதாம்மா" என்றாள்.

நான் இல்லை என்றேன். நான் வந்திருக்கவே மாட்டேன் என்றேன். அவள் விவரம் சொன்னாள். குழு இல்லாமல் நான் தனியாக ஒரு நாள் வந்திருந்தது, ஊதாச் சேலை, அன்றைக்கு மூன்று புதுப் பிள்ளைகள் சேர்ந்தது, நான் கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. குழம்பு என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. தம்பி தங்கைகளே, இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் குழம்பின் ருசி எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் இல்லை.

"ஏன் செல்லம்மா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க சாமி காரியம் பண்றவங்க. நான் சோறு பொங்குறவ. என்னத்தன்னு சொல்றது? இப்பத்தானே கேட்டீங்க."

பின்கட்டில் துணி காய்கிற இடத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தால் வந்த அழுகை அது. அன்றைக்கு நான் என்ன ஜெபித்திருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், எப்போதும் அதேதான். ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமாக நீரே இரும் என்று உருகியிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு மிச்சமிருந்த ஒரே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அது தெரியாமல் இருக்க ஆண்டவர் பேரை ஒரு திரைச்சீலையாக நடுவில் கட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு நடந்ததைப் பார்த்தவள், திருநீறு பூசிய செல்லம்மா ஒருத்திதான். பிள்ளைகள் அழக் கூடாது என்பதற்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மை.

சாயங்காலம் குழு உபவாசத்தோடு, வாடின முகத்தோடு காத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நியூட்ரலில் வேனை உருட்டினது வரைக்கும் சொன்னேன்.

டேனியல்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப இன்னைக்கு ஜெபம்?"

"பண்ணணும். அவளுக்கு இல்லை, எனக்கு. வந்து என் தலைமேல கை வைங்க" என்றேன்.

வைத்தார்கள். முடிந்ததும் டேனியல் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே, "கடிச்சது சரிதான்க்கா" என்றான். போய்ச் சுவரிலிருந்த நட்சத்திர அட்டையைக் கிழித்துப் போட்டான். கடி விஷயத்தை மேலே நானே எழுதி அனுப்பினேன், யார் தப்பு என்பதோடு. அதற்குப் பிறகு மாற்றல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தேன்மொழி கேட்டுப் பக்கத்தில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலி, உட்காரவே இரண்டு நிமிஷம் ஆனது.

"அன்னிக்கு உன் தலையில கை வெச்சது நான்தான்மா. கண்ண மூடச் சொன்னதும் நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

கல்லை மேலே எறிந்து பிடித்தாள். "தெரியும்" என்றாள்.

என்னை முதல் நாளே அடையாளம் தெரிந்திருக்கிறது! ஆண்டவரே, நான் அவள் முன்னால் நின்றுகொண்டு நான்கு நாளாக அன்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

"அவன் எங்க?" என்றாள். ஒரு வருஷத்தில் அவளுடைய இந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பத்திரமா இருக்கான், சமத்தா இருக்கான், நீ நல்லாப் படி, இவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"அரியலூர்ல. பையனுங்க இல்லம் ஒண்ணு இருக்கு, அங்க."

"எவ்ளோ தூரம்?"

"பெரம்பலூர் போயி பஸ் மாறுனா, ரெண்டு மணி நேரம்."

கல்லெல்லாம் தரையில் சிதறியது. "அவ்ளோதானா?" என்றாள். அந்த அவ்ளோதானாவை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவர்கள் சந்திப்பதற்கு மாவட்ட ஆபீசில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டோம், கொடுத்தார்கள். அவ்வளவு சுலபமாக முடிகிற காரியம், ஒரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை அரியலூரிலிருந்து எங்கள் குழு வேனில், அங்கே காப்பாளராக இருக்கிற பெரியவரோடு கவின் வந்து இறங்கினான். எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, இடுப்பில் நிற்காத டவுசர். வந்தவன் பெரியவர் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

தேன்மொழி ஆறு மணியிலிருந்தே கேட்டில் நின்றிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று எங்கள் குழுவில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படமெடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு முறை முறைத்தேன், உள்ளே வைத்துவிட்டார்கள். அவள் ஓடவில்லை. மெதுவாகப் பக்கத்தில் போனாள்.

"சாப்டியா?"

"ம்."

"என்ன சாப்ட?"

"இட்லி."

"எத்தன?"

"நாலு."

பிறகு அவன் வாயைத் திறந்து காட்டினான். முன் பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் குனிந்து உள்ளே நன்றாகப் பார்த்தாள்.

"பல்ல கூரையில போட்டியா?"

"ம்."

"யாரு போட்டுக் குடுத்தா?"

"நானேதான்."

"ஒசரமா எறிஞ்சியா?"

"ஒசரமாத்தான் எறிஞ்சேன்" என்றான். அப்போதுதான் அவள் அவன் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. செல்லம்மா ஒரே தட்டில்தான் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

நான்கு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் பழக்கப்படி ஹாலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். பெரியவர் என்னைப் பார்த்தார். டிரைவர் பின்வாசல் பக்கம் வேனைக் கொண்டுபோகலாமா என்று கண்ணாலேயே கேட்டார்.

"எல்லாரும் எந்திரிங்க. வாசலுக்கு வாங்க" என்றேன். "இன்னைக்கு யாரும் கண்ண மூட வேண்டாம். மொதல்ல வழியனுப்புவோம். ஜெபம் அப்புறம்."

தேன்மொழியிடமும் கவினிடமும் குனிந்து, "அடுத்த மாசம் மொத சனிக்கிழமை திரும்பப் பாப்பீங்க" என்றேன். பெரியவர் தன் பையிலிருந்த சின்னக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

"வரலைன்னா?" என்றாள்.

நான் வழக்கமாக, கட்டாயம் வருவான்டா கண்ணு என்றிருப்பேன். "வர முடியலைன்னா ஏன்னு போன் பண்ணி உங்கிட்டயே சொல்லுவோம்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கவினின் கையை விட்டாள்.

அழுகையா? அதை ஏன் கேட்கிறீர்கள்! கவின் தரையில் விழுந்து புரண்டான். தேன்மொழி வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அதைப் பார்த்து நாற்பது பிள்ளைகளும் அழுதார்கள். டேனியல் அழுதான், எஸ்தர் அழுதாள், கரண்டியோடு வந்து நின்ற செல்லம்மா அழுதாள். பதினெட்டு வருஷமாக நான் பயந்து பயந்து ஒதுங்கின அழுகை மொத்தமும் அந்த வாசலில் நடந்தது. ஒருவரும் அதனால் செத்துப்போகவில்லை. டிரைவர் எஞ்சினை நன்றாக உறுமவிட்டு, ஹாரனையும் இரண்டு தடவை அடித்துக் கிளப்பினார். கவின் ஜன்னலில் கை நீட்டிக்கொண்டே போனான். மக்காச்சோளக் காட்டு வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் பார்த்தாள். திரும்பின பிறகும் எஞ்சின் சத்தம் கேட்கிற வரைக்கும் நின்றாள்.

நீங்கள் போகிற இடத்திலும் கடைசி நாள் என்று ஒன்று வரும். அன்றைக்குப் பின்வாசல் பக்கம் போகாதீர்கள். நான் சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது.

அன்றைக்கு எல்லாரும் ஹாலுக்குத் திரும்பி வந்தோம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் நின்றேன், வாய் வரவில்லை. "ஜெபம் பண்ணலையா டீச்சர்?" என்றாள் தேன்மொழி, கதவோரத் தூணிலிருந்து. நாற்பது தலை குனிந்தது. என்னால் மட்டும் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் யாரோ போய்விடுவார்கள் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு உதட்டை அசைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாக எண்ணி முடித்தாள்.

"எல்லாரும் இருக்காங்க. நீங்க மூடிக்கங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மூடிக்கொண்டேன்.